அல்லூர் பார்க்க ஆம்ஸ்டர்டாமுக்கா?

வணக்கம் ஐயா,

நான் மலேசியாவில் கேரித் தீவுத் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது குடும்பத்தோடு பந்திங்கில் இருக்கிறேன். தங்கை நெதர்லாந்தில் வேலை செய்கிறாள். ஏப்ரல் கடைசி வாரத்தில் அம்மாவை அழைத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போகிறோம். ஆம்ஸ்டர்டாமில் இரண்டு நாள் தங்குகிறோம். கால்வாயில் படகுச் சுற்றுலா போகாமல் திரும்பக்கூடாது என்று தங்கை ஒற்றைக் காலில் நிற்கிறாள். அம்மாவோ, "அல்லூரப் பாக்கவா அவ்ளோ தூரம் போறது? பொழுது விடிஞ்சா அல்லூரத் தாண்டித்தானே வேலைக்குப் போனேன்" என்கிறார். அல்லூர் என்று அவர் சொல்வது தோட்டத்தில் வெட்டிய வடிகாலை. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு. செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பழம் பொறுக்கியே எங்களைப் படிக்க வைத்தவர்.

நீங்கள் ஆம்ஸ்டர்டாம் போய்வந்ததாக முன்பு ஒரு கட்டுரையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன். அந்தப் படகுக்குக் கொடுக்கும் காசு தகுமா? வழிகாட்டி சொல்வதெல்லாம் பணக்கார வியாபாரிகளின் வீட்டுக் கதைதான் என்கிறார் ஒரு நண்பர். மலாக்காவும் டச்சுக்காரன் ஆண்ட ஊர்தானே, அங்கேயும் ஆற்றில் படகு ஓடுகிறதே, அம்மாவுக்கு அது போதாதா?

பெயரைப் போட வேண்டாம்.

சு., பந்திங்

*

அன்புள்ள தம்பி சு.,

படகில் ஏறுங்கள். அம்மாவைச் சன்னலோரம் உட்கார வையுங்கள். அந்தப் படகில் வருகிறவர்களில் பாதிப்பேர் வீட்டு முகப்புகளைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் அம்மா தண்ணீரைப் பார்ப்பார். பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஆம்ஸ்டர்டாம், வடிகால் வெட்டிக் காயவைத்த சேற்று நிலத்தில் நிற்கிற ஊர். சுற்றுலாப் பயணிக்கு இது சொன்னால்தான் தெரியும், கேரித் தீவில் பிறந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தீவை யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் மண்கரை. உள்ளே கோடு போட்டு வெட்டிய அல்லூர்கள். அவை வெளியே போய்ச் சேரும் இடத்தில் மதகு. கடல் ஏறும்போது மதகை மூட வேண்டும், இறங்கும்போது திறந்து உள்ளே தேங்கிய தண்ணீரை விட வேண்டும். ஒரு மதகு பழுதானால் செம்பனை உப்புத் தண்ணீரில் நிற்கும். உங்கள் கோல லங்காட் மாவட்டம் மட்டுமல்ல, வடக்கே பாகான் டத்தோ வரைக்கும் கரையோரத் தோட்டங்கள் பல இப்படித்தான் பிழைக்கின்றன. அந்த அல்லூர்களை வெட்டியவர்கள் தமிழர், சீனர், ஜாவாக்காரர் என்று பலர். இப்போது எக்ஸ்கவேட்டர் வந்துவிட்டது, அது வேறு கதை.

அம்மா விமானத்தில் இருக்கும்போதே பாதியைப் புரிந்துகொள்வார். ஸ்கிப்போல் விமான நிலையம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் ஹார்லம்மர்மேர் என்ற பெரிய ஏரி. மூன்று நீராவிப் பம்பு நிலையங்களை வைத்து இறைத்து, 1852-இல் அதை வற்றவைத்து முடித்தார்கள். ஓடுபாதை கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ மூன்று மீட்டர் கீழே இருக்கிறது. இறங்கும் முன் கீழே நேர்நேராக வாய்க்கால்கள் தெரியும். அம்மாவைத் தூங்கவிடாதீர்கள்.

சரி, படகுக்கு வருவோம். 13-ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டெல் ஆற்றின் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள், ஊர் அதைச் சுற்றி வளர்ந்தது. 1613-இல் ஊரைப் பெரிதாக்க ஹெரன்கிராக்ட், கைசர்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்ற மூன்று கால்வாய்களைப் பழைய ஊரைச் சுற்றி வளைத்து வெட்டத் தொடங்கினார்கள். 1660-களில் அவற்றை ஆம்ஸ்டெல் வரைக்கும், அதைத் தாண்டியும் நீட்டினார்கள். இந்தக் கால்வாய் வளையத்தை யுனெஸ்கோ 2010-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வழிகாட்டி இதையெல்லாம் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு வீடுகளுக்குத் தாவிவிடுவார். ஒரே கால்வாய் நிலத்தின் நீரை வடித்தது, சரக்குப் படகுக்கு வழியானது, தோண்டிய மண்ணால் பக்கத்து மனையை உயர்த்தவும் உதவியது. போதாத இடத்துக்கு மணலை வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டினார்கள்.

அந்த மனையில் அப்படியே வீடு கட்ட முடியாது, புதைந்துவிடும். அதனால் சேற்றைத் தாண்டிக் கீழே உள்ள கெட்டியான மணல் வரைக்கும் மரத்தூண்களை அடித்து இறக்கி, அவற்றின் மேல் கட்டினார்கள். டாம் சதுக்கத்தில் உள்ள அரண்மனைக்கு அடியில் மட்டும் 13,659 தூண்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் இதை மறக்காமலிருக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வருடத்தின் 365 நாளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்பது.

மரம் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும்வரை நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். தண்ணீர் இறங்கித் தூணின் தலையில் காற்றுப் பட்டால் மக்கத் தொடங்கும். தண்ணீர் ஏறினாலோ வீட்டின் நிலவறைக்குள் வந்துவிடும். ஆக, கால்வாய் நீர் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வீட்டு முகப்பில் இருக்கும் அத்தனை அலங்காரமும் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது. அந்தக் கணக்கைப் பார்க்கிறவர்களைப் பற்றித்தான் படகில் யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்தச் சுற்றுலாவில் இருக்கும் ஒரே மனக்குறை அது.

1675-இல் வந்த கடல் வெள்ளத்துக்குப் பிறகு, நகர மேயர்களில் ஒருவரான யோஹன்னஸ் ஹுட்டே தண்ணீர் மட்டத்தை முறையாக அளக்க ஏற்பாடு செய்தார். அவர் கணிதமும் தெரிந்தவர். ஊருக்கு வெளியே கடல்நீர் எவ்வளவு உயர்கிறது என்று 1683, 84-இல் அளந்து பார்த்து, மதகுகளில் எட்டுப் பளிங்குக் கற்களைப் பதித்தார்கள். அவற்றில் ஒன்று இன்னும் ஏன்ஹோர்ன் மதகில் இருக்கிறது. அந்த அளவிலிருந்து வந்ததுதான் 'ஆம்ஸ்டர்டாம் மட்டம்' என்ற சுழிக்கோடு. ஐரோப்பாவின் பல நாடுகளில் உயரத்தை அளக்க இன்றைக்கும் அதுதான் தொடக்கம். நகரக் கால்வாய்களின் நீரை அதற்கு 40 சென்டிமீட்டர் கீழே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். படகு போகும் ஆம்ஸ்டெல் ஆற்றிலேயே, ஒல்லிப் பாலம் என்று அவர்கள் சொல்லும் வெள்ளை மரப்பாலத்துக்குப் பக்கத்தில், 17-ஆம் நூற்றாண்டு மதகுகள் வரிசையாக நிற்கும். பாலத்தைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் திரும்புவார்கள். நீங்கள் மதகு பக்கம் திரும்புங்கள்.

இரவில் நடப்பதைக் கேட்டால் அம்மாவுக்குப் பிடிக்கும். சில இரவுகளில் மதகுகளை மூடி, கிழக்கே உள்ள ஐமேர் ஏரியிலிருந்து நல்ல தண்ணீரைப் பம்பு மூலம் தள்ளி, கால்வாய்களைக் கழுவிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் வீட்டுக் கழிவு, சந்தைக் குப்பை எல்லாம் அதற்குள்தான் போயிற்று. கோடையில் நாற்றம் தாங்காமல் வசதியுள்ளவர்கள் நாட்டுப்புற வீடுகளுக்கு ஓடிவிடுவார்கள். அப்போதெல்லாம் கடல் ஏறி இறங்குவதைக் கொண்டே ஓரளவு கழுவினார்கள். 1932-இல் வடக்கே பெரிய தடுப்பணை கட்டிக் கடலையே மறித்துவிட்டதால் அந்த வழியும் போயிற்று, இப்போது பம்புதான். 

பராமரிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1619-இல் டச்சுக்காரர்கள் பத்தேவியாவை, இன்றைய ஜக்கார்த்தாவை, தங்கள் ஊர் மாதிரியே கால்வாய் வெட்டிக் கட்டினார்கள். வண்டல் சேர்ந்தது, தண்ணீர் தேங்கியது, கொசு பெருகியது. 18-ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் காய்ச்சலுக்குப் பேர்போனது. ஆம்ஸ்டர்டாமும் இன்று சிரமத்தில்தான் இருக்கிறது. குதிரை வண்டிக்காகக் கட்டிய கரைச்சுவர்கள் மேல் இப்போது லாரி ஓடுகிறது. 2020 செப்டம்பரில் கிரிம்பர்வல் என்ற இடத்தில் கரைச்சுவர் ஒன்று அப்படியே கால்வாய்க்குள் சரிந்தது. படகில் போகும்போது சில கரைகளுக்கு இரும்புத் தகடு அடித்து முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்ப்பீர்கள். வழிகாட்டி கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

உங்கள் நண்பர் சொன்னதும் உண்மைதான். வியாபாரி வீட்டுக் கதைகள் நிறைய வரும், அவை மோசமான கதைகளும் அல்ல. ஒவ்வொரு வீட்டு உச்சியிலும் ஒரு கட்டையும் கொக்கியும் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே படிக்கட்டு ஏணி போலக் குறுகல். அதனால் சாமானைக் கயிற்றில் கட்டி வெளியே தூக்கிச் சன்னல் வழியாக உள்ளே இழுப்பார்கள், இன்றும் வீடு மாறுகிறவர்கள் அப்படிச் செய்வதுண்டு. உலகிலேயே குறுகலான வீடு என்று ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு கதவைக் காட்டுவார்கள், சிங்கல் கால்வாய் 7-ஆம் எண். அது வீட்டின் ஒடுங்கிய பக்கம் மட்டும்தான், மறுபக்கம் வீடு விரிந்துவிடும். சிரித்துவிட்டு விடுங்கள்.

ஆனால் அந்தக் கொக்கியில் ஏறிய மூட்டைகளில் என்ன இருந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. மிளகு, சாதிக்காய், கோரமண்டல் துணி. கோரமண்டல் துணி என்றால் சோழமண்டலக் கரையில் நம் ஆட்கள் நெய்தது. 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை கட்டியது, 1658-இல் நாகப்பட்டினத்தைப் பிடித்தது. சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்த காலங்களில் பழவேற்காட்டிலிருந்தும் மற்றத் துறைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தேவியாவுக்குக் கொண்டுபோனது. நாம் ரப்பர் தோட்டத்துக்கு வந்த கதைக்கு இருநூறு வருடம் முந்தியது இது. ஹெரன்கிராக்ட் 502-ஆம் எண் வீடு இன்று மேயரின் அதிகாரபூர்வ இல்லம். அதைக் கட்டிய பௌலஸ் கோடின், ஆப்பிரிக்க அடிமை வணிகம் நடத்திய மேற்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். 2021 ஜூலை 1-இல் அன்றைய மேயர் ஃபெம்கே ஹால்செமா நகரத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார், 2023-இல் அதே நாளில் மன்னரும் கேட்டார். அமெரிக்கக் கண்டத்துத் தோட்டங்களைப் பற்றி இப்போது அங்கே பேசுகிறார்கள், நல்லது. பழவேற்காட்டைப் பற்றிப் பேசுவது குறைவு. படகில் வழிகாட்டி நேரில் இருந்தால் தங்கையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். சண்டை போட வேண்டாம், கேட்டால் போதும்.

அதனால்தான் ஒலிப்பதிவைக் காதில் மாட்டிவிடும் படகைவிட, ஆள் பேசும் படகு நல்லது என்பேன். ஒரு சிக்கல்: ஆள் பேசுவது பெரும்பாலும் திறந்த சிறு படகுகளில். அவற்றில் இறங்கி ஏறுவது முழங்கால் வலிக்காரருக்குச் சிரமம், ஏப்ரலில் குளிரும் காற்றும் இருக்கும். கண்ணாடிக் கூரை போட்ட பெரிய படகில் மேசை, நாற்காலி, படிக்கட்டில் கைப்பிடி எல்லாம் உண்டு. பெரிய படகிலும் ஆள் பேசுவது இருக்கிறதா என்று தங்கையை விசாரிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அம்மாவின் வசதிதான் முக்கியம், கதையை நீங்களே சொல்லிக்கொள்ளலாம். சுற்று ஒரு மணி நேரம் சொச்சம். கழிப்பறை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காலையில் முதல் படகில் கூட்டம் குறைவு.

படகை விட்டு இறங்கியதும் நகராட்சி மன்றமும் இசை நாடக அரங்கும் சேர்ந்திருக்கும் ஸ்டோப்பேரா கட்டடத்துக்குப் போங்கள். உள்ளே மூன்று கண்ணாடித் தூண்களில் தண்ணீர் நிற்கும். இரண்டு தூண்கள் கடலோர ஊர்கள் இரண்டில் அந்த நேரத்துக் கடல் மட்டத்தைக் காட்டும். மூன்றாவது 1953 பிப்ரவரி வெள்ளம் ஏறிய உயரம், தலைக்கு மேலே நிற்கும். அந்த வெள்ளத்தில் நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள். மதகுக்கும் கரைக்கும் அவர்கள் ஏன் இவ்வளவு காசைக் கொட்டுகிறார்கள் என்பதை அம்மாவுக்கு அந்தத் தூணைக் காட்டிச் சொல்லலாம்.

மலாக்காவைக் கேட்டீர்கள். அங்கே படகு ஓடுவது ஆற்றில், அது டச்சுக்காரன் வெட்டியதல்ல, அவன் 1641-இல் வருவதற்கு முன்பே சுல்தான்கள் காலத்துத் துறைமுகம். படகு சுகமாகத்தான் இருக்கும், சுவர் ஓவியங்கள் இருக்கும், முக்கால் மணியில் முடிந்துவிடும். ஆற்றிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் தங்கவேலை செய்வோர் தெருவில் பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. டச்சு ஆட்சி கொடுத்த நிலத்தில் 1781-இல் மலாக்காச் செட்டிகள் என்ற பழைய தமிழ் வம்சாவளிச் சமூகத்தார் கட்டியது. அதற்காகவே போகலாம். பந்திங்கிலிருந்து காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம், எந்த ஞாயிற்றுக்கிழமையும் நடக்கும். ஆம்ஸ்டர்டாம் அப்படியல்ல, அதனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 27 அவர்களுடைய மன்னர் பிறந்தநாள் விழா. அன்றைக்குக் கால்வாய் முழுக்க ஆரஞ்சு உடுப்புக் கூட்டமும் சொந்தப் படகுகளும் பாட்டுமாக இருக்கும், சுற்றுலாப் படகு சரியாக ஓடாது. உங்கள் இரண்டு நாளில் ஒன்று அந்தத் தேதியில் விழுந்தால், படகுக்கு மற்ற நாளைப் பதிவு செய்யுங்கள்.