கிரெடிட் கார்டு கடன் இருக்கும்போது ஆர்டியைத் தொடரலாமா?

கேள்வி: மன்னார்குடி அருகே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சம்பளம் ரூ.31,000. கணவர் மூன்று ஏக்கரில் நெல் பயிரிடுகிறார். மாமியாரின் மருத்துவச் செலவுக்காகத் தஞ்சாவூரில் கிரெடிட் கார்டைத் தேய்த்ததில் ஏற்பட்ட கடன், நெடுநாள் கட்டிய பிறகும் ரூ.84,000-த்திலேயே நிற்கிறது. வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று பில்லில் இருக்கிறது. மாதம் ரூ.8,000 கட்டுகிறேன், மளிகை, பெட்ரோல் என்று ரூ.4,500 வரை அதே கார்டில் செலவும் செய்கிறேன். வங்கியில் மாதம் ரூ.3,000 வீதம் 16 மாதமாக ஆர்டி கட்டி வருகிறேன். ஆர்டியை முடித்துக் கடனைக் கட்டுவதா, சேமிப்பை விடாமல் பிடித்துக்கொள்வதா? எனக்கென்று ஒரு புடவை எடுக்கக்கூட மனம் கூசுகிறது.

பதில்: கடன் ஏன் குறையவில்லை என்பதற்கான விடை நீங்கள் எழுதியிருக்கும் எண்களிலேயே இருக்கிறது. ரூ.84,000-க்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி ரூ.2,940, அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும்போது அது ரூ.3,469 ஆகிறது. நீங்கள் கட்டும் ரூ.8,000-த்தில் அந்த மாதம் புதிதாகச் செலவழித்த ரூ.4,500-ஐக் கழித்தால் எஞ்சுவது ரூ.3,500. ஆக, உங்கள் பணம் வட்டிக்கும் வரிக்கும் மட்டுமே சரியாகப் போகிறது. அசல் குறைவதே இல்லை எனலாம். நீங்கள் பொறுப்பில்லாமல் நடந்துகொண்டதாக எண்ணி வருந்த வேண்டியதில்லை. கட்டுகிற ஒருவரை இந்தக் கணக்கு எப்படி அதே இடத்தில் நிறுத்தி வைக்கிறது என்பது பில்லைப் பார்த்தால் எளிதில் புலப்படாது.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பலர் இதை அறியாமலே ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டுகிறார்கள். கார்டில் வாங்கும் பொருளுக்கு 45 அல்லது 50 நாள் வரை வட்டி இல்லை என்று சொல்லப்படும் சலுகை, முந்தைய பில்லை முழுமையாகக் கட்டியவர்களுக்கு மட்டுமே பொருந்தும். நிலுவை வைத்திருப்பவர் இன்று போடும் பெட்ரோலுக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். எனவே ஆர்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், இந்த மாதத்திலிருந்து கார்டில் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்வதில்லை என்று முடிவெடுங்கள். மளிகைக்கும் பெட்ரோலுக்குமான ரூ.4,500-ஐச் சம்பளம் வந்த அன்றே தனியாக எடுத்து வைத்து, ரொக்கமாகவோ யுபிஐ மூலமாகவோ கொடுங்கள். கைபேசிச் செயலிகளில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணையும் அழித்துவிடுங்கள். அவசரத்துக்குக்கூட கார்டிலிருந்து ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். அதற்கு எடுத்த நாளிலிருந்தே வட்டியும், தனிக் கட்டணமும் உண்டு.

இனி ஆர்டி. உங்கள் ஆர்டிக்கு ஆண்டுக்கு 6.5 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால், அதில் உள்ள ஒவ்வோர் ஆயிரம் ரூபாயும் மாதம் ஐந்து ரூபாய் சொச்சம் ஈட்டுகிறது. கார்டில் நிற்கும் ஒவ்வோர் ஆயிரமும் அதே மாதத்தில் ரூ.41 எடுத்துக்கொள்கிறது. இந்த நிலையில் ஆர்டியைத் தொடர்வது சேமிப்பு ஆகாது என்பது என் உறுதியான கருத்து. ஆர்டியை முடித்துவிடுங்கள். முதிர்வுக்கு முன் எடுப்பதால் வட்டியில் வங்கி சிறிது குறைக்கும். அந்த இழப்பு கார்டு வட்டியின் சில நாள் தொகைக்கு மேல் போகாது. ரூ.48,000 அசலும் வட்டியுமாக ஏறத்தாழ ரூ.50,000 கைக்கு வரும். (அஞ்சலக ஆர்டி வைத்திருப்போருக்கு இது பொருந்தாது. அதை மூன்று ஆண்டுக்கு முன் முடிக்க முடியாது. ஆனால் 12 தவணை கட்டி ஓராண்டு நிறைந்திருந்தால் இருப்பில் பாதி வரை அதன் மேலேயே கடன் பெறலாம். வட்டி ஆர்டி வட்டியைவிட 2 சதவீதம் மட்டுமே கூடுதல்.)

ஆனால் ஐம்பதாயிரத்தையும் அப்படியே கார்டில் கட்டிவிடாதீர்கள். கணக்கை மட்டும் பார்த்தால் முழுவதையும் கட்டுவதுதான் லாபம். ஆனாலும் ரூ.20,000-ஐச் சேமிப்புக் கணக்கில் நிறுத்தச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடன் தொடங்கியதே கையில் பணமில்லாத நேரத்தில் வந்த மருத்துவச் செலவால்தான். ஐப்பசி, கார்த்திகை மழை டெல்டாவில் எப்போது என்ன செலவை இழுத்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பல ஊர்களில் மின்சாரம் வரவே நாட்கள் பல ஆயின. கையிருப்பு இல்லாத குடும்பம் அப்படி ஒரு வாரத்தில் மீண்டும் கார்டையோ தண்டல்காரரையோதான் தேடிப் போகும். ரூ.20,000-த்தில் ஒரு சிறு பகுதி வீட்டில் ரொக்கமாக இருப்பதும் நல்லது.

மீதி ரூ.30,000-ஐக் கட்டினால் கடன் ரூ.54,000 ஆகக் குறையும். இதை இந்த வட்டியிலேயே விட்டுவைக்கக் கூடாது. வீட்டில் நகை இருந்தால், வங்கியிலோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ நகைக்கடன் பெற்று கார்டு நிலுவையை ஒரே தடவையில் முடிப்பதையே நான் பரிந்துரைப்பேன். வட்டி இடத்துக்கு இடம் மாறினாலும், ஆண்டுக்கு 10 சதவீதம் என்ற அளவில் கிடைத்தால், மாதம் ரூ.4,500 வீதம் 13 மாதத்தில் முடியும். மொத்த வட்டி ரூ.3,000-க்குச் சற்று மேல்தான். அதே ரூ.4,500-ஐக் கார்டிலேயே கட்டி வந்தால் 17 மாதம் ஆகும். வட்டியும் வரியுமாக ரூ.20,000-ஐத் தாண்டும். நகையைக் கடைத்தெரு அடகுக்கடைக்குக் கொண்டு போவதற்கு முன், வட்டி ஆண்டுக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். நகைக்கடனில் நம் பக்கத்துக் குடும்பங்கள் வழக்கமாகச் சிக்குவது, ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டி மறுபடியும் வைத்துவிடுவதில்தான். சிறுகச் சிறுக அசலிலும் கட்ட அனுமதிக்கும் கணக்காகக் கேட்டு வாங்குங்கள். நகை வைக்க மனமில்லை என்றால், நிலுவையை மாதத் தவணையாக மாற்றித் தரும்படி கார்டு வங்கியிடம் கேட்கலாம். அதற்கான வட்டி 3.5 சதவீதத்தைவிடக் குறைவாகவே இருக்கும். செயலாக்கக் கட்டணத்தையும் ஜிஎஸ்டியையும் சேர்த்துப் பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள்.

மாதக் கணக்கை இப்படி வைத்துக்கொள்ளலாம். இதுவரை கார்டுக்குக் கூடுதலாகப் போன ரூ.3,500, ஆர்டிக்குப் போன ரூ.3,000 என உங்களிடம் ரூ.6,500 இருக்கிறது. அதில் ரூ.4,500 கடனுக்கு. ரூ.1,000, தீபாவளி, ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் போன்ற முன்கூட்டியே தெரிந்த செலவுகளுக்கு. இவற்றுக்குத் தனியே ஒதுக்காததால்தான் பலர் கார்டைத் திரும்ப எடுக்கிறார்கள். எஞ்சிய ரூ.1,000 உங்களுடையது. புடவையோ, தோழிகளுடன் கும்பகோணம் போய் வருவதோ, எதற்கு என்று யாருக்கும், உங்களுக்கே கூட, கணக்குச் சொல்ல வேண்டாம். கடனைச் சீக்கிரம் முடிக்க இந்த ஆயிரத்தையும் அதில் போடலாமே என்று தோன்றும். போட்டாலும் மிச்சமாவது மூன்று மாதத்துக்கும் குறைவுதான்; ஓராண்டுக்கு மேல் தன்னை முழுவதும் ஒறுத்துக்கொண்டு நடத்தும் திட்டமோ பெரும்பாலும் இடையிலேயே முறிந்துவிடுகிறது. மருத்துவச் செலவு செய்து குடும்பத்தைத் தாங்கியவர் நீங்கள். உங்களுக்கான செலவும் அந்தக் குடும்பச் செலவின் ஒரு பகுதிதான்.

அறுவடைப் பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. சம்பா நெல்லைத் தை, மாசியில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டதும் பணம் வங்கிக் கணக்கில் மொத்தமாக வந்து விழும். அதைக் கண்டதும் மிச்சக் கடனையெல்லாம் அடைத்துவிடத் தோன்றுவது இயல்பு. அப்படிச் செய்யாதீர்கள். மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-இல் திறந்தாலும் திறக்காவிட்டாலும், அடுத்த பட்டத்துக்கு உழவு, விதை, நடவுக் கூலி, உரம் என்று முதலில் கை வைக்க வேண்டியது அந்தப் பணத்தில்தான். அதைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு நடவு நேரத்தில் வெளியில் வட்டிக்கு வாங்கினால், ஒரு கடன் பெயர் மாறி வந்து நிற்கும். கணவருடன் உட்கார்ந்து அடுத்த சாகுபடிச் செலவை எழுதி ஒதுக்கிவிட்டு, எஞ்சுவதில் பாதியை நகைக்கடன் அசலில் கட்டுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனைக் கார்டுக்குத் திருப்பவே கூடாது. தமிழகத்தில் அந்தக் கடனைத் தவணைக்குள் செலுத்துபவருக்கு வட்டி இல்லை. தவறினால் அந்தச் சலுகை போய்விடும்.

கார்டு நிலுவை முழுவதையும் கட்டிய பின்னர் ஒன்றைக் கவனியுங்கள். கடைசி பில் தேதியிலிருந்து நீங்கள் கட்டிய நாள் வரையிலான வட்டி, அடுத்த பில்லில் தனியாக வரக்கூடும். முடிந்துவிட்டதென்று அந்தப் பில்லைப் பார்க்காமல் விட்டால் தாமதக் கட்டணம் சேரும்; உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவிலும் குறை விழலாம். அதையும் கட்டி, நிலுவை பூஜ்யம் என்று ஒரு பில் வரும் வரை காத்திருங்கள். அதன் பிறகு கார்டை வைத்துக்கொள்வதானால், தானியங்கிக் கட்டண ஏற்பாட்டில் குறைந்தபட்சத் தொகை என்பதை மாற்றி மொத்தத் தொகை என்று பதிவு செய்யுங்கள். வேண்டாமென்று முடிவு செய்தால், நிலுவை இல்லாத கார்டை மூடக் கேட்டு எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி அதை மூட வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.500 உங்களுக்குத் தர வேண்டும். வங்கியிடம் கொடுத்த புகாருக்கு 30 நாளில் தக்க பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.