சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்) தேர்வு: கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

நெட்வொர்க்கிங் எனக்குப் புதிது சார். மூன்று மாதத்தில் சிசிஎன்ஏ முடிக்க முடியுமா?

தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் முடியும், அதில் பாதி நேரமாவது கை கீபோர்டில் இருக்க வேண்டும். 200-301 (சிசிஎன்ஏ தேர்வின் எண்) பாடத்திட்டத்தில் ஐபி கனெக்டிவிட்டிக்கு, அதாவது ரூட்டிங் பகுதிக்கு, மட்டும் 25 சதவீதம், ஆட்டோமேஷனுக்கு 10 சதவீதம். எல்லாப் பாடத்தையும் ஒரே வேகத்தில் வீடியோவாகப் பார்த்துக்கொண்டு போனால் ரூட்டிங் வரும்போது களைத்துப்போவீர்கள்.

சப்நெட்டிங் (ஒரு நெட்வொர்க்கைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது) கணக்கில் பைனரி எழுதியே நேரம் போய்விடுகிறது. வேகமாகப் போட வழி உண்டா அண்ணா?

உண்டு, ஆனால் பைனரியில் ஒரு இருபது கணக்காவது போட்ட பிறகு இதற்கு வாருங்கள், இல்லையென்றால் எங்கே தப்பினோம் என்றே தெரியாது.

192.168.10.77/27 என்று எடுத்துக்கொள்வோம். /27 என்றால் முகவரியின் முதல் 27 பிட்டுகள் நெட்வொர்க்குக்கு, ஆக கடைசி ஆக்டெட்டில் (புள்ளிகளால் பிரித்த நான்கு எண்களில் ஒன்று) மாஸ்க் 224. 256-இல் 224 போனால் 32. ஆக சப்நெட்டுகள் 0, 32, 64, 96 என்று முப்பத்திரண்டாகத் தாவும். 77 எங்கே விழுகிறது? 64-க்கும் 96-க்கும் நடுவில். நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் (அந்த சப்நெட்டில் எல்லாருக்கும் அனுப்பும் முகவரி) 95, கருவிகளுக்குக் கொடுக்க 65 முதல் 94 வரை, மொத்தம் 30. அவ்வளவுதான்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் /24-க்குக் குறைவான மாஸ்க். 172.16.45.9/20 கொடுத்தால் உடனே கடைசி எண்ணான 9-ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். மாஸ்க் 255.255.240.0, தாவல் மூன்றாவது ஆக்டெட்டில் நடக்கிறது, பதினாறு பதினாறாக: 0, 16, 32, 48. 45 விழுவது 32-இல். நெட்வொர்க் 172.16.32.0, பிராட்காஸ்ட் 172.16.47.255. எந்த ஆக்டெட்டில் தாவுகிறோம் என்பதை முதலில் பென்சிலால் வட்டம் போடுங்கள், மீதி தானாக வரும்.

டம்ப் (வெளியே கசிந்த தேர்வுக் கேள்விகளின் தொகுப்பு) படித்தால் போதுமா?

போதாது. தேர்வு விதிகளுக்கும் விரோதம், பிடிபட்டால் வாங்கிய சான்றிதழும் போகும். தொடாதீர்கள்.

நெட்வொர்க் பிளஸ் (காம்ப்டியா அமைப்பின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்) எழுதுவதா, சிசிஎன்ஏ எழுதுவதா?

ரூட்டரிலும் ஸ்விட்சிலும் கட்டளை தட்டும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் சிசிஎன்ஏ. பொதுவான ஐடி ஆதரவு வேலை என்றால் நெட்வொர்க் பிளஸ், அது எந்த நிறுவனத்தின் கருவியையும் சார்ந்தது அல்ல.

சான்றிதழ் வாங்கினால் சம்பளம் எவ்வளவு கிடைக்கும் ப்ரோ?

வேலைக்கு ஆள் எடுப்பவர்களைக் கேளுங்கள், அது என் துறை இல்லை.

ஸ்டேட்டிக் ரூட்டின் ஏடி 1, ஓஎஸ்பிஎஃப் 110. இரண்டும் இருந்தால் ஸ்டேட்டிக்தானே ஜெயிக்கும்?

ஸ்டேட்டிக் என்பது நாம் கையால் எழுதும் வழி, ஓஎஸ்பிஎஃப் என்பது ரூட்டர்கள் தங்களுக்குள் பேசிக் கண்டுபிடிக்கும் வழி, ஏடி என்பது ஒரு வழியை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் எண், குறைந்தது முந்தும். இரண்டும் ஒரே நெட்வொர்க்குக்கு, ஒரே மாஸ்க்கோடு இருந்தால் ஆமாம். 10.1.0.0/16-க்கு ஸ்டேட்டிக், 10.1.5.0/24-க்கு ஓஎஸ்பிஎஃப் என்று இருந்தால், 10.1.5.9-க்குப் போகும் பாக்கெட் ஓஎஸ்பிஎஃப் வழியில்தான் போகும்.

மேலே சொன்ன பதில் தவறு சார். ஏடி குறைவாக இருப்பதுதான் எப்போதும் முதலில் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள்.

தவறு இல்லை. இதில் பலர் குழம்புவதால் நிதானமாகவே சொல்கிறேன். ரூட்டர் இரண்டு வெவ்வேறு நேரத்தில் இரண்டு வெவ்வேறு முடிவு எடுக்கிறது. ஒரே நெட்வொர்க்குக்கு, அதே ப்ரிஃபிக்ஸ் நீளத்தோடு (/16, /24 என்று வரும் எண்), இரண்டு இடத்திலிருந்து வழி வந்தால் எதை ரூட்டிங் டேபிளில் (ரூட்டர் வைத்திருக்கும் வழிப் பட்டியல்) ஏற்றுவது என்பது முதல் முடிவு. ஏடிக்கு வேலை அங்கே மட்டும்தான். /16-உம் /24-உம் வேறு வேறு நெட்வொர்க், போட்டியே கிடையாது, இரண்டும் டேபிளில் ஏறும். பாக்கெட் வரும்போது எடுப்பது இரண்டாவது முடிவு, அங்கே நீளமான ப்ரிஃபிக்ஸ் ஜெயிக்கும், ஏடியை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பாக்கெட் ட்ரேசரில் (சிஸ்கோவின் பயிற்சி மென்பொருள்) கட்டி 'ஷோ ஐபி ரூட்' அடியுங்கள். எஸ் (ஸ்டேட்டிக்) என்று ஒரு வரி, ஓ (ஓஎஸ்பிஎஃப்) என்று ஒரு வரி, இரண்டும் நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

அப்படியென்றால் ஃப்ளோட்டிங் ஸ்டேட்டிக் (மாற்று வழியாக வைக்கும் ஸ்டேட்டிக் ரூட்) எப்படி வேலை செய்கிறது? அங்கே ஏடிதானே தீர்மானிக்கிறது?

நல்ல கேள்வி, நான் சொன்னதற்கு அதுவே சாட்சி. அங்கே ப்ரிஃபிக்ஸ் ஒன்றுதான், அதனால்தான் ஏடிக்கு வேலை வருகிறது. ஸ்டேட்டிக் கட்டளையின் கடைசியில் ஏடியாக 115 போட்டால், 110 உள்ள ஓஎஸ்பிஎஃப் இருக்கும்வரை அது டேபிளில் ஏறாமல் ஒளிந்திருக்கும். ஓஎஸ்பிஎஃப் விழுந்ததும் வெளியே வரும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே விஷயத்தில் ஒருநாள் முழுக்க மாட்டிக்கொண்டோம். மாற்று வழிக்கு ஏடி 250 சரியாகத்தான் கொடுத்திருந்தார்கள், ஆனால் ஒரு /24-ஐ இரண்டு /25-ஆகப் பிரித்து எழுதிவிட்டார்கள். வேகமான இணைப்பு நல்லபடியாக இருக்கும்போதே போக்குவரத்து முழுவதும் மெதுவான இணைப்பில் ஓடியது. காலையிலிருந்து கேபிளை மாற்றிப் பார்த்தோம், போர்ட்டை மாற்றிப் பார்த்தோம். மாலையில்தான் ஒருவர் ரூட்டிங் டேபிளைத் திறந்தார், இரண்டு /25-உம் அங்கே உட்கார்ந்திருந்தன, /24-ஐவிட நீளமான ப்ரிஃபிக்ஸ் என்பதால் அவையே ஜெயித்துக்கொண்டிருந்தன. முதலில் டேபிளைப் பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது அதனால்தான்.

வகுப்பில் ஏடிதான் என்றார்கள், தேர்விலும் அப்படித்தானே வரும்?

மேலே இரண்டு பதில் இருக்கிறது, படியுங்கள்.

நல்ல டம்ப் எங்கே கிடைக்கும்?

இதற்கும் மேலேயே பதில் இருக்கிறது. மறுபடி கேட்காதீர்கள்.

ஓஎஸ்பிஎஃப் நெய்பர் (பக்கத்து ரூட்டர்) எக்ஸ்ஸ்டார்ட்டிலேயே (உறவு முழுமையாகாத இடைநிலை) நிற்கிறது, பிங் மட்டும் போகிறது. ஏன்?

இரண்டு பக்கமும் எம்டியு (ஒரே பாக்கெட்டில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு) ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். சாதாரண பிங் சின்ன பாக்கெட், அது போய்விடும்.

தேர்வில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு அப்புறம் திரும்பி வரலாமா?

சிசிஎன்ஏவில் முடியாது. அடுத்ததற்குப் போனால் போனதுதான். மொத்தம் 120 நிமிடம், அதில் லேப் கேள்விகளும் (கட்டளை தட்டிச் செய்து காட்ட வேண்டியவை) வரும். தெரியாத கேள்வியில் ஐந்து நிமிடம் நின்றால் அந்த ஐந்து நிமிடம் லேப்பிலிருந்துதான் போகும். லேப் முடித்ததும் கேள்வியை இன்னொரு தடவை படியுங்கள், கான்ஃபிகரேஷனைச் சேமிக்கச் சொல்லியிருந்தால் சேமித்துவிட்டு அடுத்ததை அழுத்துங்கள்.