ஐன் ஜாலூத்துல ஜெயிக்க வச்சது எது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நோன்பு 25-ஆம் ராத்திரி தராவீஹ் முடிஞ்சு நடந்த பயான்ல, 1260-ல இதே நாள்ல ஐன் ஜாலூத்ங்கிற இடத்துல முஸ்லிம்கள் மங்கோலியர்களை தோற்கடிச்சாங்க, ஈமான்தான், அதாவது இறைநம்பிக்கைதான், ஜெயிக்க வச்சதுன்னு ஹஜ்ரத் சொன்னாங்க. மனசு நிறைஞ்சு வீட்டுக்கு வந்தா, காலேஜ் படிக்கிற என் மகன் "அப்படி இல்லத்தா, ஹுலாகு பெரிய படையை திருப்பிக்கிட்டு போயிட்டான், மிச்சம் இருந்தவங்களைத்தான் ஜெயிச்சாங்க"ன்னு சொல்லிட்டான். எனக்கு அன்னைக்கு சஹர் சாப்பாடே இறங்கல. யார் சொல்றது சரி?
– வாசகர், கூத்தாநல்லூர்

பதில்: பாய், மகன் மேல கோவப்படாதீங்க, அவர் சொல்றதும் நடந்ததுதான். 1259-ல மங்கோலியர்களோட பெரிய கான் மோங்கே இறந்துட்டார். அவரோட தம்பி ஹுலாகு அப்ப சிரியா பக்கம் இருந்தார், 1260 ஜனவரியில அலெப்போவை பிடிச்சாச்சு, மார்ச்சுல டமாஸ்கஸும் விழுந்துடுச்சு. அண்ணன் இறந்த சேதி வந்ததும் அடுத்த கான் யாருங்கிற சண்டை ஆரம்பிச்சதால படையில பெரும்பகுதியை கூட்டிக்கிட்டு வடக்கே போயிட்டார். இன்னொரு காரணத்தை அவரே 1262-ல பிரான்ஸ் ராஜாவுக்கு எழுதுன கடுதாசியில சொல்லியிருக்கார், குதிரைங்களுக்கு தீவனம் பத்தல. ஒரு மங்கோலிய வீரனுக்கு அஞ்சு குதிரைன்னு வச்சுக்கிட்டாலும் கோடையில சிரியாவுல அத்தனைக்கும் புல்லுக்கு எங்க போறது. மேட்டூர் தண்ணி வராத வருஷம் ரெண்டு மாட்டுக்கு வைக்கோல் தேடி ஊர் ஊரா அலைஞ்சவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அப்புறம் சிரியாவை பாத்துக்க தளபதி கித்புகாவை விட்டுட்டு போனார், அவர்கிட்ட 10,000-லேர்ந்து 20,000 பேர் வரைக்கும்னு ஆய்வாளர்கள் கணக்கு சொல்றாங்க. அவங்களை எதிர்த்த எகிப்து மம்லூக் சுல்தானோட படை அதுக்கு சமமாவோ கொஞ்சம் கூடவோதான் இருந்திருக்கும். அதனால சின்னக் கூட்டம் பெரிய கூட்டத்தை ஜெயிச்சுதுன்னு இந்தப் போரை பத்தி சொன்னா அது பொருந்தாது, அதை நான் ஒத்துக்கிட்டுதான் ஆகணும்.

ஆனா ஹஜ்ரத் சொன்னது பொய்யாயிடுமா? ஆகாது, ஏன்னு சொல்றேன்.

அன்னைக்கு எகிப்து தலைநகர் கெய்ரோவுல எல்லாரும் பயந்துபோய் கெடந்தாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி, 1258 பிப்ரவரியில, பக்தாத் அழிஞ்சிருந்துச்சு, கலீஃபாவையே கொன்னாச்சு, மங்கோலியர்களை யாராலயும் எதிர்க்க முடியாதுன்னு எல்லாரும் நம்பிட்டாங்க. சரணடைங்கன்னு ஹுலாகுவோட தூதர்கள் ஓலை கொண்டு வந்தப்ப சுல்தான் சைபுத்தீன் குதுஸ் அந்தத் தூதர்களை கொன்னு தலைகளை பாப் ஸுவைலா வாசல்ல தொங்கவிட்டார். தூதரை கொல்றதை நான் நியாயப்படுத்த மாட்டேன், அது தப்புதான், ஆனா அதுக்கப்புறம் அவரோட அமீர்கள் (படைத்தலைவர்கள்) யாரும் சமாதானம் பேசலாம்னு பின்வாங்க வழி இல்லாம போச்சு.

இனிமேதான் முக்கியமான விஷயம், பயான்கள்ல இதை இன்னும் விரிவா சொல்லணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. படைக்கு பணம் பத்தல, ஜனங்க மேல வரி போடலாமான்னு மார்க்க அறிஞர்களை கேட்டாங்க. அந்த சபையில இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம்னு எண்பது வயசை நெருங்குன ஒரு பெரியவர் இருந்தார். இதுக்கு முன்னாடியே, அமீர்கள் இன்னும் சட்டப்படி அடிமைகள்தான், அவங்களை வித்து அந்தப் பணத்தை பொது கஜானாவுல சேர்த்தாதான் அவங்க செய்யிற காரியம் செல்லும்னு தீர்ப்பு சொன்னவர் அவர் (மம்லூக்னாலே விலைக்கு வாங்கப்பட்டவன்னுதான் அர்த்தம், சுல்தான் குதுஸே ஒரு காலத்துல அடிமையா விக்கப்பட்டவர்தான்). அந்தப் பெரியவர் சொன்னது என்னன்னா, மொதல்ல அமீர்கள் தங்கக் கச்சையையும் நகை பதிச்ச சாமானையும் கொண்டுவந்து கொட்டட்டும், ஆளுக்கு ஒரு குதிரையும் ஆயுதமும் மட்டும் மிஞ்சி சாதாரண ஜனங்களும் அவங்களும் ஒண்ணாகட்டும், அதுக்கும் பத்தலைன்னா மட்டும் ஜனங்ககிட்ட கைநீட்டுங்க. முடிசூடுன சுல்தான் முன்னாடி இதை சொல்ல என்ன துணிச்சல் வேணும், அல்லாஹ்வுக்கு பயந்தவனுக்கு மட்டும்தான் அது வரும்னு நான் நம்புறேன். ஈமான் வேலை செஞ்சது இங்கதான் பாய்.

எங்க அத்தா ஒரு வறட்சி வருஷத்துல மழைத் தொழுகைக்கு எங்களையெல்லாம் வயலுக்கு நடுவுல கூட்டிக்கிட்டு போனாங்க. தொழுது துஆ கேட்டு கண்ணை தொடச்சுக்கிட்டு, வீட்டுக்கு கூட வராம நேரா மண்வெட்டியை தூக்கிக்கிட்டு வாய்க்கா தூர் வாரப் போயிட்டாங்க, கூட அக்ரஹாரத்து ஆளுங்களும் தெருவுக்கு ஒருத்தரா வந்தாங்க. துஆ கேட்டாச்சே அப்புறம் எதுக்கு வாய்க்கான்னு அன்னைக்கு யாரும் கேக்கல. தண்ணி வந்தா தேங்குறதுக்கு இடம் வேணும்ல. ஹுலாகு திரும்பிப் போனது நம்ம கையில இல்லாத காரியம், போனப்ப எழுந்து நிக்க ஒரு படை தயாரா இருந்ததுதான் குதுஸோட காரியம். மகனையும் ஹஜ்ரத்தையும் ஒரே திண்ணையில உக்காரவச்சு நோன்புக் கஞ்சி கொடுங்க, ரெண்டு பேரும் ஒத்துப்போவாங்க.

கேள்வி: சண்டை எப்படி நடந்துச்சு, அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?
– வாசகி, அதிராம்பட்டினம்

பதில்: ஐன்னா ஊத்து, ஜாலூத்னா நம்ம குர்ஆன்ல வர்ற ஜாலூத்தான் (பைபிள்ல கோலியாத்). பாலஸ்தீனத்துல ஜஸ்ரீல் பள்ளத்தாக்குல இருக்குற ஊத்து அது. அந்த வரலாறு உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், அந்த ஜாலூத்தை எதிர்த்து தாலூத் ராஜா படையோட போறப்ப ஒரு ஆத்தால சோதனை வருது, ஒரு கை தண்ணிக்கு மேல குடிக்காதவங்கதான் என்னோடன்னு சொல்றாங்க, பெரும்பாலானவங்க குனிஞ்சு குடிச்சிடுறாங்க. ஆத்தங்கரையில பொறந்த எனக்கு இதை ஓதுறப்பல்லாம் உடம்பு சிலிர்க்கும், தாகத்தோட காவேரியை தாண்டிப் போற மாதிரி.

சண்டை நடந்தது 1260 செப்டம்பர் 3, வெள்ளிக்கிழமை. குதுஸோட தளபதி பைபர்ஸ் முன்னாடி போய் கித்புகா படையை சீண்டி சீண்டி பின்வாங்குற மாதிரி நடிச்சு குன்றுகளுக்கு நடுவுல இழுத்துட்டு வந்தார், அது மங்கோலியர்களோட சொந்த வித்தைதான். மறைஞ்சிருந்த படை சூழ்ந்துக்கிச்சு. அப்படியும் முஸ்லிம் படையோட இடது பக்கம் உடைஞ்சு ஓட ஆரம்பிச்சப்ப, குதுஸ் தலைக்கவசத்தை கழட்டி வீசிட்டு தன் முகம் எல்லாருக்கும் தெரியுற மாதிரி "வா இஸ்லாமா"ன்னு (அரபியில 'ஐயோ, இஸ்லாமே!') உரக்கக் கத்திக்கிட்டு முன்னாடி பாஞ்சார்னு சொல்றாங்க. கித்புகா அன்னைக்கே செத்தார், கொஞ்ச நாள்ல டமாஸ்கஸ் மீண்டுச்சு.

கேள்வி: கித்புகா கிறிஸ்தவர்னு படிச்சேன். அப்ப இது முஸ்லிம் கிறிஸ்தவ சண்டையா?
– வாசகர், வேளாங்கண்ணி

பதில்: இல்லங்க. அவர் நெஸ்டோரியன்ங்கிற கிழக்கத்திய சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்தான், ஆனா பாலஸ்தீனக் கடற்கரையில அக்கா (ஏக்கர்) நகர்ல இருந்த சிலுவைப்போர் கிறிஸ்தவங்க முஸ்லிம் படையை தங்க நிலம் வழியா விட்டு உணவுப்பொருளும் வாங்கிக்க அனுமதிச்சாங்க. அந்தப் பக்கம் பார்த்தா ஹுலாகுவோட பெரியப்பா மகன் பெர்கே கான் முஸ்லிம், அவர் 1262-ல ஹுலாகு மேலயே போர் தொடுத்தார், எகிப்தை பழிவாங்க ஹுலாகுவால திரும்பி வர முடியாததுக்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ஈமான் இருந்தா ஜெயிக்கலாம்னா பக்தாத்ல மட்டும் ஈமான் இல்லாம போச்சா? கலீஃபாவே அங்கதானே இருந்தார்? மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.
– வாசகி, நாகூர்

பதில்: அம்மா, இந்தக் கேள்வியை நானும் வருஷக்கணக்கா சுமந்துக்கிட்டுதான் இருக்கேன். பக்தாத்ல செத்தவங்கள்ல குர்ஆனை மனப்பாடம் பண்ணுன ஹாபிஸ்கள் இருந்தாங்க, தாய்மார்கள் இருந்தாங்க, பச்சக்குழந்தைங்க இருந்தாங்க. அவங்க ஈமான் குறைச்சல்னு சொல்ல எனக்கு நாக்கு வராது, அப்படி யாராவது சொன்னா கேக்காதீங்க.

அந்தக் காலத்து நூல்கள்ல ஒரு சம்பவம் வரும். பிடிபட்ட கலீஃபா முஸ்தஃசிம் முன்னாடி ஹுலாகு ஒரு தட்டு நிறைய தங்கத்தை வச்சு சாப்பிடச் சொன்னாராம். இதை எப்படி சாப்பிடுறதுன்னு கலீஃபா கேட்டதும், அப்ப எதுக்கு சேர்த்து வச்சிருந்தே, உன் வீரர்களுக்கு கொடுத்திருக்கலாமேன்னு கேட்டாராம். அந்தப் பேச்சு அப்படியே நடந்துச்சோ இல்லையோ, தங்கத்தை கொட்டச் சொன்ன அந்த கெய்ரோ பெரியவரை பக்கத்துல வச்சு இதை படிச்சுப் பாருங்க. பக்தாத் ஆண்டவங்க செஞ்ச தப்புக்கு பக்தாத் ஜனங்க செத்தாங்க.

கேள்வி: அன்னைக்கு எங்க டெல்டாவை யார் ஆண்டாங்க?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: சோழ வம்சத்தோட கடைசி ராஜா, மூன்றாம் ராஜேந்திரன். பாண்டியர் கை ஓங்கியிருந்த காலம். மங்கோலியர் இந்தப் பக்கம் வரல, ஆனா அவங்க ஆண்ட சீனாவுக்கு நம்மாளுங்க போயிட்டாங்க, குப்லாய் கான் காலத்துல 1281-ல சுவான்சௌ துறைமுகத்துல தமிழ்க் கல்வெட்டோட ஒரு சிவன் கோயில் எழும்பியிருக்கு.

கேள்வி: நோன்போட போர் செய்யிறது கூடுமா?
– வாசகர், முத்துப்பேட்டை

பதில்: 1303 ரமலான்ல டமாஸ்கஸ் பக்கத்துல மறுபடி மங்கோலியர்களோட போர் வந்தப்ப மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யா, வீரர்கள் நோன்பை விட்டுடலாம்னு தீர்ப்பு சொன்னதோட நிக்காம, தானே கையில சாப்பாட்டை எடுத்துக்கிட்டு அணிகளுக்கு நடுவுல சாப்பிட்டுக்கிட்டே நடந்தார். மக்கா வெற்றிக்கு போறப்ப நாயகம் தோழர்களை நோன்பு விடச் சொன்னதுதான் அவர் காட்டுன ஆதாரம். இன்னொன்னு தெரியுமா, அப்ப படையை அனுப்புன மங்கோலிய கான் கஸான் 1295-லயே இஸ்லாத்துக்கு வந்துட்டவர். எதிரே நின்னவங்கள்லயும் கலிமா சொன்னவங்க இருந்தாங்க.

கேள்வி: ஜெயிச்சு வந்த குதுஸுக்கு என்ன வரவேற்பு கொடுத்தாங்க?
– பிளஸ் டூ மாணவி, திருவாரூர்

பதில்: கெய்ரோ தெருவையெல்லாம் அலங்காரம் பண்ணி வச்சு காத்திருந்தாங்கம்மா. அவர் வந்து சேரல. ஊர் திரும்புற வழியில அக்டோபர் மாசம், பைபர்ஸும் வேற சில அமீர்களும் சேர்ந்து அவரை கொன்னுட்டாங்க. அவருக்காக தொங்கவிட்ட தோரணத்துக்கு கீழதான் பைபர்ஸ் சுல்தானா ஊருக்குள்ள போனார்.