'தி ரோப்' ('அங்கி', 1953 ஹாலிவுட் படம்): கேள்வி பதில்

கே: முதல் சினிமாஸ்கோப் (மிக அகலத் திரை) படம் இதுதானா?
ப: திரைக்கு வந்ததில் முதல். 1953 செப்டம்பர், நியூயார்க் ராக்ஸி தியேட்டர்.

கே: கிட்டத்துக் காட்சிகளில் முகம் ஏன் உப்பித் தெரிகிறது?
ப: பிரெஞ்சுக் கண்டுபிடிப்பாளர் ஹென்றி கிரெத்தியேனின் சினிமாஸ்கோப் லென்ஸ் அகலத்தைப் பாதியாக நெருக்கிப் பதிவு செய்யும், ப்ரொஜெக்டர் லென்ஸ் இரண்டு மடங்கு விரிக்கும். ஆனால் கேமரா ஆளை நெருங்க நெருங்க, நெருக்கும் அளவு குறைந்துவிடும். விரிப்பு மட்டும் குறையாது. மிச்சமெல்லாம் கன்னத்தில் ஏறும். 'பொன்னுக்கு வீங்கி' என்று ஹாலிவுட்காரர்களே கிண்டலடித்த கோளாறு. அதனால்தான் இந்தப் படத்தில் நடிகர்கள் பெரும்பாலும் தள்ளி நின்று, பக்கவாட்டில் வரிசையாகப் பேசுகிறார்கள்.

கே: டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதே?
ப: வரத்தான் வேண்டும். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் படத்தில் 2.55:1, டிவியில் 1.78:1. திரை உயரத்தில் சுமார் 30 சதவீதம் காலியாகும். ஜூம் செய்தால் பட்டை போகும், கூடவே படத்தின் அகலத்தில் 30 சதவீதமும் போகும். ஜூம் வேண்டாம்.

கே: படத்தில் வருவதுபோல் ரோமப் பேரரசன் கலிகுலா கிறிஸ்தவர்களை விசாரித்துக் கொன்றானா?
ப: சான்று இல்லை. அவன் ஆண்டது கி.பி. 37–41. ரோமில் கிறிஸ்தவர்களை வதைத்ததாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுவது பிந்தைய பேரரசன் நீரோவை. 64-இல் நகரம் எரிந்த பிறகு. படத்தின் நாயகன் மார்செல்லஸும் நாயகி டயானாவும், மூல நாவலை எழுதிய லாயிட் டக்ளஸின் கற்பனை. கதைக்கு விதை பைபிளில் யோவான் 19:23-24: இயேசுவின் தையலில்லாத அங்கி, அதைக் கிழிக்காமல் சீட்டுப் போட்ட படைவீரர்கள்.

கே: பழைய டிவி பதிப்பு, ஓரங்களை வெட்டியதுதானே?
ப: இல்லை. சினிமாஸ்கோப் வசதியில்லாத தியேட்டர்களுக்காகச் சாதாரண லென்ஸில், ஏறக்குறைய சதுரமாகவும் கூடவே எடுத்தார்கள். அது தனி நெகட்டிவ். சில இடங்களில் டேக்கே வேறு.

கே: அப்படியானால் அதுதான் நல்ல பதிப்பு. நாயகன் ரிச்சர்ட் பர்ட்டன் முகமாவது தெரியும்!
ப: முகத்துக்கு மட்டும் என்றால் சரி. அரசவைக் காட்சியைச் சதுரத்தில் பார்த்தால் பாதி பேர் காணாமல் போவார்கள். கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் வாங்கிய செட் அது.

கே: செட் பார்க்கவா படம் பார்க்கிறோம்?
ப: 1953-இல் கூட்டம் வந்ததே அந்த அகலத்துக்கும் ஒலிக்கும்தான். நான்கு காந்த ஒலித்தடங்கள்: திரைக்குப் பின்னால் மூன்று, அரங்குக்குள் ஒன்று. இடப்பக்கம் நிற்பவர் குரல் இடப்பக்கமிருந்தே வரும். அந்தத் தடங்களுக்கு இடம் விடவே ஃபிலிமின் துளைகளைச் சிறிதாக்கினார்கள். உங்கள் சதுரப் பதிப்பில் இதெல்லாம் எங்கே?

கே: கறுப்புப் பட்டையை எடுக்க வழி?
ப: மேலே சொல்லியாயிற்று. ஜூம் வேண்டாம்.

கே: படத்தை மேலும் கீழும் இழுத்துத் திரையை நிரப்பும் 'ஸ்ட்ரெச்' போடலாமா?
ப: போட்டால் எல்லோரும் ஒட்டடைக்குச்சி ஆவார்கள். வேண்டாம்.

கே: தமிழில் முதல் சினிமாஸ்கோப்?
ப: 'ராஜராஜ சோழன்', 1973.