அரை நாளில் பார்த்த ஊர்

கேள்வி: மொரீஷியஸ் போயிருந்தேன். தலைநகர் போர்ட் லூயிஸை அரை நாளில் முடித்துவிட்டேன். பிரெஞ்சுக்காரர் ஒருவர் கட்டிய சின்னத் துறைமுகம். சாயங்காலம் ஆனால் ஆள் நடமாட்டமே இல்லை. இதில் பெரிதாக என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் சிலையோடு படம் எடுத்திருப்பீர்கள். அவர் லா பூர்தொனே. 1735-இல் கவர்னராக வந்து இறங்கியவர். 1746-இல் நம் சென்னையைப் பிடித்த அதே ஆசாமி. பெரிய கோயிலைக் கட்டியது கொத்தனார் என்ற பழைய ஜோக் இந்த ஊருக்கு அப்படியே பொருந்தும். கல் சுமந்தவர்கள் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் பிடித்து வரப்பட்ட அடிமைகள். கொத்து வேலைக்கும் தச்சு வேலைக்கும் பாண்டிச்சேரியிலிருந்து தமிழர்களை வரவழைத்தார்கள்.

சாயங்காலம் ஊர் காலியாவதற்குக் காரணம் கொசு. 1866-68-இல் மலேரியா ஆயிரக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போனது. வசதியுள்ளவர்கள் குளிர்ச்சியான மேட்டு நிலத்துக்கு, க்யூர்பைப் பக்கம், வீட்டை மாற்றிக்கொண்டார்கள். ஆபீஸ் மட்டும் கீழே நின்றுவிட்டது. 1869-இல் சூயஸ் கால்வாய் வேறு திறந்து, இந்த வழியாக வந்த கப்பல்களையும் குறைத்துவிட்டது.

குன்றின் மேல் இருக்கும் சிட்டாடல் கோட்டைக்கு ஏறினீர்களா? அடிமை முறையை ஒழித்தால் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் கலகம் செய்வார்களோ என்று பயந்து, 1830-களில் ஆங்கிலேயர் கட்டியது. கடலை விட ஊர் மேல்தான் அதற்குக் கண்.

அப்புறம் ஆப்ரவாசி காட், கூலிகள் வந்து இறங்கிய பழைய துறைமுகக் கிடங்கு. முன்பு அதன் பெயர் கூலி காட். அடிமைகளுக்குப் பதில் ஒப்பந்தக் கூலிகளாக நான்கரை லட்சம் பேருக்கு மேல் இந்தத் தீவில் இறங்கினார்கள். 1849 முதல் அந்தக் கிடங்கு வழியாகத்தான் வந்தார்கள். கரையில் 16 கருங்கல் படிகள். ஏறிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது, உங்கள் கணக்கில் கட்டுப்படியாகும்.

சரி, அதையெல்லாம் விட்டிருந்தாலும் பரவாயில்லை. செலவழிக்காத மொரீஷியஸ் ரூபாய் நோட்டு ஏதாவது பர்ஸில் மிச்சம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அடுத்தது தமிழ், அதற்குப் பிறகுதான் இந்தி. 1998-இல் இந்த வரிசையை மாற்றி இந்தியை முன்னால் போட்டு அச்சடித்தார்கள். சிறுபான்மையான தமிழர்கள் விடவில்லை. கடைசியில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள்.