ஏற்றுக்கொள்வதும் அடங்கிப்போவதும் ஒன்றா? கடலூர் மனநல ஆலோசகரின் பதில்கள்

மேடம், மகனுக்கு மருத்துவ இடம் கிடைக்கவில்லை. 'நடந்ததை ஏத்துக்கோ' என்கிறார்கள். எப்படி? (நெல்லிக்குப்பம்)

வருத்தத்தை விரட்டப் பார்க்காதீர்கள்; விரட்டினால் இன்னும் வரும். அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் 1980களில் உருவாக்கிய 'ஏற்பு, உறுதி' சிகிச்சைமுறையின் (ACT) மையம் இதுதான்: வருத்தம் இருக்கட்டும், அதோடு சேர்த்தே வேண்டிய வேலையைச் செய்யுங்கள். மனசு ஆறட்டும் என்று காத்திருந்தால் மற்ற படிப்புகளுக்கு விண்ணப்பிக்கும் தேதி போய்விடும்.

குடித்துவிட்டு அடிக்கும் கணவரை ஏற்றுக்கொண்டால் நிம்மதி வருமா?

வராது. அடியை ஏற்கவே கூடாது அம்மா. பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள்.

எல்லாம் விதி என்று கிடப்பதற்கு 'ஏற்றுக்கொள்வது' என்பது புதுப் பெயர்தானே? 'ஊழிற் பெருவலி யாவுள' என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். (பண்ருட்டி)

அது 380-வது குறள். 620-ல் அவரே, சோர்வில்லாமல் முயல்பவர் ஊழையும் புறமுதுகு காட்ட வைப்பார் என்கிறார். உங்கள் ஊரையே பாருங்கள் ஐயா. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மரம் போனதை ஒப்புக்கொண்டவர்தான் நிலத்தைச் சுத்தம் செய்து கன்று வைக்க முடியும். முந்திரி காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும் என்று தெரிந்தேதான் வைப்பார்.

நிவாரணம் கேட்டு அலைந்தோமே, அப்போ நாங்கள் ஏற்கவில்லையா? (அதே பண்ருட்டிக்காரர்)

மரம் விழுந்தது முடிந்த விஷயம். பணம் வரவேண்டியது இன்னும் முடிவுக்கு வராத விஷயம்; அதற்கு அலையத்தான் வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் செய்யலாம்.

மரத்துக்குப் பதில் கன்று வைக்கலாம். சுனாமியில் போன பிள்ளைக்கு? (தேவனாம்பட்டினம்)

ஈடே கிடையாது அம்மா. இத்தனை வருடம் ஆச்சே என்று உங்களிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஒவ்வொரு டிசம்பர் 26-லும் அழுகை வந்தால் அழுங்கள். பிள்ளை பெயரைச் சொல்லிப் பேச வீட்டில் ஒருவராவது இருக்கட்டும். மறந்தால்தான் அமைதி வரும் என்று நினைக்க வேண்டாம்.

துக்கத்துக்கு ஐந்து நிலை உண்டாமே? அப்பா போய் ஒரு வருடம், எனக்குக் கடைசி நிலையான ஏற்றுக்கொள்ளுதல் வரவில்லை.

மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் அதை 1969-ல் எழுதியது, மரணத்தை எதிர்நோக்கிய நோயாளிகளிடம் பேசிய அனுபவத்தில். அது எல்லாருக்கும் பொதுவான அட்டவணை இல்லை தம்பி. திதி அன்று மறுபடி உடைந்துபோனால் அதில் தவறில்லை.

எத்தனை நாளில் ஏற்கப் பழகலாம்?

இன்று மூன்றாவது முறையாக இதே கேள்வி. நாள் கணக்கு கேட்காதீர்கள். நெல்லிக்குப்பத்துக்கு எழுதியதைப் படியுங்கள்.

புதுச்சேரி ஆசிரமத்தில் தியானம் செய்யலாமா?

ஆன்மிகம் என் துறை இல்லை. அங்கேயே கேளுங்கள்.

மாமியார் தினமும் கை நீட்டுகிறார். பொறுத்துப் போகவா?

மறுபடி சொல்கிறேன்: அடியை ஏற்காதீர்கள். 181.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை. ஏற்றுக்கொள்ளப் பழகட்டுமா?

இப்போது அந்தப் பயிற்சி வேண்டாம். இன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை தனியாக இருக்காதீர்கள். வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். இந்த நிமிடமே 14416-க்கு அழையுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.