பைக்கில் லண்டன்: இலவச மியூசியமும் இடைஞ்சல் தரும் பெட்டியும்

கேள்வி: லீட்ஸிலிருந்து நானும் தம்பியும் ஆளுக்கொரு பைக்கில் லண்டன் போய், இரண்டு நாள் மியூசியம் பார்க்கப் போகிறோம். என் பைக் 2011 மாடல், அவனுடையது 2004. நகருக்குள் ஓட்டக் கட்டணம் உண்டா?

பதில்: மத்திய லண்டனின் நெரிசல் கட்டணம் பைக்குக்குக் கிடையாது. பார்க்க வேண்டியது ‘யூலெஸ்’ எனும் புகைக் கட்டணம். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களிலும் (நகராட்சிப் பகுதிகள்) அது உண்டு. பைக்குக்கு யூரோ 3 என்ற ஐரோப்பியப் புகைத் தரம் போதும். 2007 ஜூலைக்குப் பின் பதிவானவை பொதுவாகத் தேறிவிடும். எனவே உங்களுக்குக் கவலை இல்லை.

தம்பியின் வண்டி எண்ணைக் கிளம்பும் முன்பே லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல்லின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பழைய பைக்குகளிலும் சில தேறும்: நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்கு 0.15 கிராமுக்கு மேல் போகாது என்று தயாரிப்பாளரின் சான்றிதழ் காட்ட வேண்டும். தேறாவிட்டால் நாளுக்கு 12.50 பவுண்டு. நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. இரவு 11 மணிக்கு நுழைந்து 1 மணி வரை ஓட்டினால் இரண்டு நாள் கணக்கு. ஓட்டாமல் நிறுத்தியே வைத்த நாளுக்குக் கட்டணமில்லை.

கேள்வி: பைக்கை மியூசியத்துக்குப் பக்கத்தில் நிறுத்தலாமா? பக்கவாட்டுப் பெட்டிகளை என்ன செய்வது?

பதில்: பெட்டிகளோடு மியூசியத்துக்குப் போகவே போகாதீர்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் 40 × 40 × 50 செ.மீ.க்கு மேற்பட்ட பையும் சக்கரம் வைத்த பெட்டியும் வாசல் தாண்டாது. தெருவில் விட்டுவிட்டுப் போனால் துணிப்பைகளை அறுத்து எடுக்க ஒரு நிமிஷம் போதும். முதலில் தங்குமிடத்தில் எல்லாவற்றையும் இறக்குங்கள். அங்கே பைக்கை உள்ளே நிறுத்த இடம் இருந்தால் அதை அங்கேயே விட்டு டியூபில் (சுரங்க ரயில்) போவதே என் யோசனை.

பைக்கில்தான் போவதென்றால், பைக்குகளுக்கு மட்டும் ஒதுக்கிய இடத்தில் நிறுத்துங்கள். சில பரோக்களில் இலவசம், சிலவற்றில் கட்டணம், சில இடங்கள் அந்தத் தெருவாசிகளுக்கு மட்டும். பலகையை முழுக்கப் படியுங்கள். தரையில் இரும்பு வளையம் பதித்த இடம் கிடைத்தால் விடாதீர்கள். செயினைச் சக்கரத்தோடு சட்டத்தையும் சேர்த்துச் சுற்றி, வளையத்தில் மாட்டுங்கள். செயினோ பூட்டோ தரையில் படியக் கூடாது. படிந்தால் அதன்மேல் சுத்தியலால் அடித்து உடைப்பது சுலபம். பிரேக் டிஸ்க்கில் மாட்டும் டிஸ்க் லாக் போட்டால் அதிலிருந்து ஹேண்டில்பாருக்கு நினைவூட்டும் கம்பியை மாட்டுங்கள். மறந்து வண்டியை நகர்த்தினால் விழுவது நீங்கள்தான்.

கேள்வி: இரண்டு நாளில் எதைப் பார்ப்பது?

பதில்: ஒரு நாள் சவுத் கென்சிங்டன். இயற்கை வரலாறு, அறிவியல், வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்) ஆகிய மூன்று மியூசியங்களும் நடக்கும் தூரம். மூன்றையும் முடிக்க ஆசைப்படாதீர்கள், இரண்டு போதும். அறிவியல் மியூசியத்தில் நிலவைச் சுற்றிவந்த அப்போலோ 10 கலம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை என்றால் வி அண்ட் ஏவை மாலைக்கு வையுங்கள், இரவு 10 வரை திறந்திருக்கும். நிரந்தரக் காட்சிகள்தான் இலவசம், சிறப்புக் கண்காட்சிகளுக்குத் தனி டிக்கெட்.

மறுநாள் முழுதும் பிரிட்டிஷ் மியூசியம். 33ஏ அறையில் ஆந்திராவின் அமராவதி பௌத்த ஸ்தூபத்துச் சிற்பங்கள். இவற்றின் உடன்பிறப்புகள் சென்னை எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன. 33ஏ அறையில் இருபுறமும் செதுக்கிய ஒரு கற்பலகை இருக்கிறது, அதை இருபுறமும் பாருங்கள். ஒரு பக்கம் போதிமரமும் ஆளில்லா ஆசனமும் அடிச்சுவடுகளும். புத்தர் உருவமாக வரவே மாட்டார். சில நூற்றாண்டு கழித்து அதே கல்லைத் திருப்பி மறுபக்கம் ஒரு முழு ஸ்தூபத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.